பரீட்சையன்று சாகும் பேட்டரி

மூன்றாவது கொலை நாளைக் காலை ஆறு மணிக்குள் நடந்துவிடும் என்று டீச்சர் அடித்துச் சொன்னார்.

கொசு நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். கொலைக் கேஸ் வந்து எத்தனை நாளாயிற்று! கடைசியாக வந்த இரண்டு கேஸில் ஒன்று காணாமல் போன குடை. இன்னொன்று, காணாமல் போனதாகப் பொய் சொல்லப்பட்ட குடை.

"செத்தது யாருங்க டீச்சர்?"

"பேட்டரி."

கொசு பழையபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணி மட்டும் சாயவில்லை. அவர் ஊருக்கே அண்ணி. கொசுவுக்கு நிஜ அண்ணி. அவன் அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவனையும் சேர்த்துச் சுமக்கிறவர். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, இது தானாக இடித்ததா, காசுக்காக இடிக்கப்பட்டதா என்று எழுதிக் கொடுத்தவர். அதை விட்டபின் வீட்டு முன்னறையில் மேஜை போட்டுத் துப்பறிகிறார். கொசுவுக்கு நாற்பது வயது. வாய்க்கு மட்டும் பதினாறு. காதோரம் ஓயாமல் ரீங்காரம் செய்வதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துகொண்டிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர்," என்றார் அண்ணி.

டீச்சர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரே ஒரு கார், ஒரே ஒரு தகரக் கொட்டகை, ஒரே ஒரு கணவர். அந்த மூன்றையும் அவரே ஓட்டுகிறார். சொல்லும்போது குரலில் கோபம் இருந்தது, கண்ணில் பயம் இருந்தது.

"அஞ்சு மாசம் முன்னாடி பழைய பேட்டரி போச்சு. அது வயசாகிப் போனது, அதுல சந்தேகமில்ல. புதுசு போட்டேன். தினமும் வண்டி ஒழுங்காத்தான் ஓடுது. ஆனா லைசென்ஸ் டெஸ்ட் நடக்கற அன்னிக்குக் காலையில மட்டும் சாவியைத் திருப்பினா டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். இது வரைக்கும் ரெண்டு டெஸ்ட். ரெண்டு தடவையும் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு மைதானத்துக்குப் போக முடியல. இன்ஸ்பெக்டர் தெளிவாச் சொல்லிட்டார். மூணாவது தடவையும் வண்டி வரலைன்னா ஸ்கூல் பர்மிட்டை ரத்து பண்ணிடுவாராம்."

"அடுத்த டெஸ்ட் நாளைக்கு."

"நாளைக் காலையில எட்டு மணி. ஏழு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. பர்மிட் போச்சுன்னா பதினெட்டு வருஷத்துப் பிழைப்பு போச்சு."

"மெக்கானிக் என்ன சொன்னார்?"

"மூணு பேர் பார்த்தாச்சு. மூணு பேரும் வண்டியில ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. வண்டியில இல்லைன்னா என்ன அர்த்தம்? யாரோ செய்யறாங்கன்னு அர்த்தம். யாருன்னும் எனக்குத் தெரியும்."

டீச்சர் கைப்பையைத் திறந்து மடித்த காகிதக் கட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார். போலீசுக்கு எழுதிய புகார். நான்கு பக்கம்.

"என் கூடப் பிறந்த தம்பி. என்கிட்டத்தான் வேலை பார்த்தான். ரெண்டு வருஷம் முன்னாடி சண்டை போட்டுட்டுப் போய் எதிர்த்தாப்பலயே ஸ்கூல் ஆரம்பிச்சான். கொட்டகைக்கு அவன்கிட்ட இன்னும் ஒரு சாவி இருக்கு. வண்டி செத்த ரெண்டு நாளும் காலையில ஆறு மணிக்கு அவன் கார் தெருமுனையில நின்னுச்சு. வேடிக்கை பார்க்க வந்திருக்கான்! சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்கு டைம். அதுக்கு மேல இதைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல கொடுத்துருவேன்."

"சண்டை எதுக்கு வந்தது?"

டீச்சர் புகாரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். "அது தொழில் ரகசியம்," என்றார்.

கொட்டகைக்குள் அந்தக் கார் தலை தெருப்பக்கமும் வால் சுவர்ப்பக்கமுமாக நின்றிருந்தது. பின் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. எப்போதும் பின்பக்கமாக விட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது டீச்சரின் சட்டம்.

"அண்ணி, நான் ஓட்டக் கத்துக்கிட்டது இந்த வண்டியிலதான்," என்று கொசு அதன் தலையில் செல்லமாகத் தட்டினான். "என் பிரேக்கைப் பத்தி டீச்சர் வாயாலேயே கேளுங்க. இவ்வளவு அழகா நிறுத்தற ஆளைப் பார்த்ததே இல்லைன்னு சொன்னவங்க இவங்கதான்."

"லைசென்ஸ் வாங்கின மறுநாள் நம்ம வீட்டுக் கேட்டை உடைச்சது யாரு?"

"அது கேட்டோட தப்பு."

டீச்சர் ஏனோ வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணி வேலையில் இறங்கினார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் கிளாம்பு இறுக்கமாக இருந்தது, உப்புப் பூக்கவில்லை. மீட்டரை வைத்தார்: பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்: பதினான்கு. அதாவது பேட்டரியும் நன்றாக இருந்தது, ஓடும்போது அதற்குச் சார்ஜும் ஏறியது. பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒரு பக்கத்துக் கிளாம்பைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சேர்த்து, கதவுகளைப் பூட்டச் சொன்னார்.

"இப்ப என்ன?"

"கால் மணி நேரம் காத்திருக்கணும். வண்டி தூங்கட்டும். தூக்கத்துல எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பார்ப்போம்."

"என்னை மாதிரி வாய் திறந்து தூங்குமா?"

"உன்னை மாதிரி இருந்தா இந்நேரம் தெருவே எழுந்திருக்கும்."

கால் மணி கழித்து மீட்டர் ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு காட்டியது. கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் ஆகிற செலவு. அதைக் கொடுத்துக்கொண்டு ஒரு நல்ல பேட்டரி இரண்டு மாதம் சும்மா கிடக்கலாம்.

"வண்டி நிரபராதி," என்றார் அண்ணி. "இது நாற்பத்தஞ்சு ஆம்பியர் பேட்டரி. சாயங்காலத்துலேர்ந்து காலைக்குள்ள சாகணும்னா விடாம நாலஞ்சு ஆம்பியராவது யாராச்சும் உறிஞ்சணும். உள்ளே எரியற சின்ன லைட்டுன்னா ரெண்டு நாளுக்கு மேல பிடிக்கும். ஹெட்லைட்டுன்னா ஷட்டர் இடுக்கு வழியா தெருவுக்கே தெரியும். அப்ப எது?"

அந்தக் கேள்வியை யாருக்குமாக இல்லாமல் காற்றில் விட்டுவிட்டு அவர் காரைச் சுற்றி வந்தார். பின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு தடித்த அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. 'பயிற்சி வண்டி. பொறுமை காக்கவும்.' அதை எடுத்துத் திருப்பினார். அட்டையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் தடம், இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டு எடுத்த மாதிரி.

"கொசு, இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"கண்ணாடி மேல வர்ற மூணாவது பிரேக் லைட்."

"பிரேக் லைட்டு ஒரு தடவை எத்தனை நேரம் எரியும்?"

"நான் ஓட்டினா ரெண்டு செகண்ட். நீங்க ஓட்டினா அரை மணி நேரம்."

"ரெண்டு செகண்டுல அட்டை கருகாது. இது ராத்திரி முழுக்க எரிஞ்சிருக்கு. மூணு பிரேக் லைட்டும் சேர்ந்து அஞ்சு ஆம்பியர். சாவி இல்லாமலே எரியற லைட்டு. வால் சுவரை ஒட்டி நிக்கறதால வெளியில யாருக்கும் தெரியாது."

கொசுவின் மூளையில் எதுவோ பொறி தட்டியது. தட்டிய வேகத்திலேயே அணைந்தும் போனது. "அப்படின்னா ராத்திரி முழுக்க பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டு ஒருத்தன் இதுக்குள்ள உக்காந்திருக்கணும். வேலை வெட்டி இல்லாத பேயைத் தேடணும் அண்ணி."

அண்ணி டீச்சர் உட்கார்கிற பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தார். கொசுவும் எட்டிப் பார்த்தான். கால் வைக்கிற இடத்தில் கறுப்பு மிதியடி. அதற்கு மேலே, ரப்பர் சுற்றிய மரக்கட்டை ஒன்று. டீச்சர் கால் வைத்துக்கொள்கிற கட்டை. முதல் நாள் பாடத்திலேயே அவர் அதைக் காட்டியது கொசுவுக்கு ஞாபகம் வந்தது. அண்ணி அங்கே ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. எதற்கென்று கேட்டால் சொல்ல மாட்டார் என்று கொசுவுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அப்போதுதான் டீச்சரின் கணவர் தட்டில் நான்கு டம்ளர் தண்ணீரோடு வந்தார். எல்லோரும் அவரை சார் என்பார்கள். மாணவர்களின் படிவங்களை நிரப்புவது, காலையில் வண்டியைத் துடைத்து ஸ்டார்ட் செய்து வைப்பது, டீச்சர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது, இவைதான் அவர் உத்தியோகம். ஓட்டத் தெரியாது. மற்றவர்களைப் போல அவரும் தன்னை டீச்சர் என்றே கூப்பிடும்படி வீட்டுக்கார அம்மா பழக்கிவிட்டார்.

"பாருங்க இவர் சட்டையை!" டீச்சர் வந்தவரைத் தண்ணீர் கொடுக்கக்கூட விடவில்லை. "இந்த அஞ்சு மாசத்துல மூணாவது சட்டை. பீரோவுல ஏதோ பூச்சி. என் புடவையை விட்டுட்டு இவர் சட்டையை மட்டும் தின்னுது."

சாரின் சட்டையில் வயிற்றுப் பக்கமாக ஊசி முனை அளவில் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள் இருந்தன. சார் சட்டென்று தட்டால் வயிற்றை மறைத்துக்கொண்டார். தண்ணீர் கொசுவின் செருப்பில் கொட்டியது.

"ருசி தெரிஞ்ச பூச்சி," என்றான் கொசு.

அண்ணி அந்த ஓட்டைகளைப் பார்த்தார், சாரின் முகத்தைப் பார்த்தார், பிறகு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

எதிர் ஸ்கூலின் போர்டில் கொட்டை எழுத்தில் 'எங்களிடம் ரகசியம் இல்லை' என்று எழுதியிருந்தது. அண்ணியும் கொசுவும் உள்ளே நுழைந்ததும் டீச்சரின் தம்பி மேஜை டிராயரை அவசரமாக மூடிவிட்டு எழுந்தார். அக்காவின் அதே மூக்கு, அதே முறைப்பு.

"எங்க அக்கா அனுப்பினாங்களா?"

"எங்க அண்ணி அனுப்பினாங்க," என்றான் கொசு. "அக்கா அண்ணியை அனுப்பினாங்க. அண்ணி என்னை..."

"டெஸ்ட் அன்னிக்கு ரெண்டு தடவையும் விடிகாலையில உங்க கார் ஏன் தெருமுனையில நின்னுச்சு?" அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தெரு எங்க அக்கா பேர்லயா இருக்கு?"

"கொட்டகைச் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"திருப்பிக் கேக்கல. கேட்டாக் கொடுத்திருப்பேன். கேக்கறதுக்கு எங்க அக்கா என்கிட்டப் பேசணுமே."

"நாளைக்கு வண்டி வரலைன்னா அவங்க ஸ்கூலை மூடணும். தெரியுமா?"

தம்பியின் முறைப்பு ஒரு நொடி கழன்றது. உடனே அதை எடுத்து மாட்டிக்கொண்டார். "தெரியும். நான் ஏன் வெளியில வந்தேன்னு அவங்களையே கேளுங்க. சொல்ல மாட்டாங்க. எனக்குக் கிளாஸ் இருக்கு."

தெருவுக்கு வந்ததும் கொசு கையைத் தேய்த்தான். "டிராயரை மூடினதைப் பார்த்தீங்களா? உள்ளே சிவப்பா ஏதோ வயர். இவர்தான் அண்ணி. கேஸ் முடிஞ்சுது."

"உனக்குக் கேஸ் எப்பவுமே சாப்பாட்டு நேரத்துல முடிஞ்சிரும். சாயங்காலம் கடைசிக் கிளாஸ் முடிஞ்சு வண்டி உள்ளே வந்ததும் நீ பின் சீட்டுக்குக் கீழே படுத்துக்கோ. மேல வண்டியோட உறையைப் போர்த்திக்கோ. நான் கொட்டகை மூலையில இருக்கற பழைய டயருங்களுக்குப் பின்னாடி இருப்பேன். யார் வந்தாலும் நான் சொல்ற வரைக்கும் மூச்சு விடாதே."

"மூச்சு விடாம எப்படி அண்ணி?"

"பேச்சு விடாதேன்னு சொன்னா உனக்குப் புரியாது. அதான்."

நாலரை மணிக்கு கொசு காருக்குள், தூசி வாசனை அடிக்கும் உறைக்கு அடியில், முழங்காலும் மோவாயும் ஒட்டக் கிடந்தான். கால் மரத்துவிட்டது. மூக்கு அரித்தது. துப்பறியும் தொழிலில் மற்றவர்கள் துப்பாக்கி எடுக்கிறார்கள், தனக்கு மட்டும் ஏன் எப்போதும் துணிமூட்டை வேஷம் என்று மனதுக்குள் புலம்பினான்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முன்னால் யாரோ முக்கி முனகினார்கள். கனமான எதுவோ தரையில் உரசியது. 'ம்' என்று ஒரு தள்ளு. வண்டி லேசாக ஆடியது. கதவு மெதுவாக மூடிக்கொண்டது. கொசு எழ நினைத்தான். இடது கால் வர மறுத்தது. அதைக் கையால் தூக்கி வைத்துச் சமாதானப்படுத்துவதற்குள் காலடிச் சத்தம் போய்விட்டது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மறுபடியும் காலடி. இந்தத் தடவை யாரோ பக்கவாட்டில் நின்று டிக்கியைத் திறந்தார்கள்; அது பாதியிலேயே சுவரில் இடித்தது.

இனியும் பொறுக்க முடியாது என்று கொசு உறையோடு எழுந்து, உறையோடு கதவைத் திறந்து, உறையோடு அந்த ஆளின் மேல் விழுந்தான்.

"அண்ணி! டீச்சர்! பிடிச்சிட்டேன்! கையும் களவுமா பிடிச்சிட்டேன்!"

உறையை விலக்கிப் பார்த்தால் அடியில் டீச்சரின் தம்பி. கையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர்கள், நுனியில் முதலைவாய்க் கிளிப்புகள். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து டீச்சர் ஓடி வந்தார், பின்னாலேயே சார். தம்பியையும் வயரையும் பார்த்ததும் டீச்சர் கைப்பையிலிருந்து புகாரை உருவினார்.

"நான் சொன்னேனா இல்லையா? கூடப் பிறந்தவனே! மணி அஞ்சாகப் போகுது. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"ரெண்டு தடவை உள்ளே வந்தார் டீச்சர்! முதல் தடவை முன்பக்கம் என்னமோ வெச்சார், இப்ப பின்பக்கம் வந்தார்," கொசு மூச்சு வாங்கினான்.

"நான் ஒரு தடவைதான் வந்தேன்!" தம்பி கத்தினார். "இது கரண்ட் எடுக்கற வயர் இல்ல, கொடுக்கற வயர். செத்த வண்டியை இன்னொரு வண்டி பேட்டரியிலேர்ந்து கிளப்பற வயர். போன ரெண்டு தடவையும் இதை வெச்சுக்கிட்டுத்தான் தெருமுனையில நின்னேன். அக்கா கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். கூப்பிடல. இந்தத் தடவை டிக்கியில போட்டுட்டாவது போகலாம்னு வந்தேன்."

டயர்களுக்குப் பின்னாலிருந்து அண்ணி தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

"அவர் சொல்றது நிஜம். முதல்ல வந்தது வேற ஆள். கொசு, அந்த ஷட்டரை இறக்கு."

கொசு ஷட்டரை இழுத்துவிட்டான். கொட்டகை இருண்டது. இருண்டதும் பின் சுவர் முழுக்க ரத்தச் சிவப்பாக வெளிச்சம் பரவியிருந்தது தெரிந்தது. காரில் ஒருவரும் இல்லை. ஆனால் பிரேக் லைட் மூன்றும் எரிந்துகொண்டிருந்தன.

"பேய்," என்றான் கொசு.

"பேய்க்குச் சட்டை கிழியாது," என்றார் அண்ணி. "சார், பீரோவுல பூச்சி இருந்தா தோள்பட்டையையும் தின்னும், கையையும் தின்னும். வயித்தை மட்டும் தின்னாது. வயித்துல சேர்த்து அணைச்சுத் தூக்கற சாமான்லேர்ந்து ஆசிட் கசிஞ்சாத்தான் அந்த மாதிரி ஓட்டை விழும். நீங்களே சொல்றீங்களா, நான் கதவைத் திறக்கட்டுமா?"

சார் திருதிருவென்று விழித்தார். பிறகு அவரே போய் டீச்சர் பக்கத்துக் கதவைத் திறந்து மிதியடியை விலக்கினார். உள்ளே, கால் வைக்கிற இடத்தில் ஆழமாகத் தள்ளி முட்டுக் கொடுத்து வைத்திருந்தது ஒரு பழைய கார் பேட்டரி.

"இது நம்ம பழைய பேட்டரியாச்சே?" டீச்சர் குனிந்து பார்த்தார். "வித்துட்டேன்னு சொன்னீங்களே!"

"மனசு வரல டீச்சர். இன்னும் கொஞ்சம் உயிர் இருந்துச்சு. சார்ஜ் போட்டு ஒளிச்சு வெச்சேன். டெஸ்ட் அன்னிக்கு வண்டி கிளம்பலைன்னா நீ அழுவியேன்னு, முந்தின நாள் சாயங்காலம் ஆபத்துக்கு இருக்கட்டும்னு இங்க வெச்சிருவேன். காலையில நான்தானே முதல்ல வண்டிகிட்ட வருவேன்? கிளம்பிட்டா உனக்குத் தெரியாம எடுத்துரலாம். கிளம்பல. இதை மாட்டிப் பார்த்தேன், இதுவும் கிளப்பல. திட்டுவியேன்னு தூக்கிட்டுப் போய் ஒளிச்சுட்டுத்தான் உன்கிட்ட வந்து சொன்னேன்."

"மெக்கானிக் வர்றதுக்குள்ள கொலை செஞ்ச கத்தியை எடுத்துட்டுப் போயிடறார்," என்றார் அண்ணி. "மூணு பேரும் ஏன் ஒண்ணுமில்லைன்னாங்கன்னு புரியுதா? பேட்டரியைக் கொன்னது அதைக் காப்பாத்த வந்த பேட்டரி."

"ஆனா அது சும்மாத்தானே இருந்துச்சு? எந்த வயர்லயும் படல!" சார் தவித்தார். "உள்ளே தள்ளினேன், உன் கால் கட்டையில போய் முட்டுச்சு. அசையாம நிக்கட்டும்னு அழுத்தி வெச்சேன். அவ்வளவுதான்."

"அது கட்டை இல்லைங்க! பிரேக்கு! எனக்குன்னு இந்தப் பக்கம் வெச்சிருக்கற ரெண்டாவது பிரேக்கு!"

"பிரேக்கா?" சார் நிமிர்ந்தார். "நீதானே கால் வெச்சுக்கற கட்டைன்னு சொன்னே?"

தம்பி மட்டும் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இதுதான் அந்தத் தொழில் ரகசியம்," என்றார் அண்ணி. "பிரேக் பெடல் மேல மரத்தை வெச்சு ரப்பரைச் சுத்திக் கட்டைன்னு சொல்றது. காலையில குனிஞ்சப்பவே அதைப் பார்த்துட்டேன். அதை அழுத்தறது யாருன்னுதான் தெரியல."

"ரெண்டாவது பிரேக் இருக்குன்னு தெரிஞ்சா கத்துக்கறவங்களுக்கு அலட்சியம் வந்துரும்," டீச்சரின் குரல் இறங்கியது. "முழு வண்டியும் உங்க கையிலதான், எனக்கு இங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னாத்தான் கவனமா ஓட்டுவாங்க. நான் லேசா அழுத்தி நிறுத்திட்டு, நல்லா நிறுத்தினீங்கன்னு பாராட்டுவேன். தைரியம் வந்துரும். கடைசி ஒரு வாரம் காலையே எடுத்துருவேன். அதுக்கப்புறம் அவங்களே ஓட்டறதுதான்."

"சொல்லிட்டே கத்துக் கொடுக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் தம்பி. "கேக்கல. அதான் போனேன்."

கொசுவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் ஷட்டரைப் பிடித்துக்கொண்டான்.

"டீச்சர்... என்னோட பிரேக்கு?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "உங்களுக்கு மட்டும் கடைசி நாள் வரைக்கும் காலை எடுக்க முடியல."

"டெஸ்ட் அன்னிக்கு? அன்னிக்கு என் பக்கத்துல இன்ஸ்பெக்டர்தானே உக்காந்திருந்தார்?"

"இறங்கும்போது அவரும் முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டேதான் இறங்கினார்."

கொசு அதற்குப் பிறகு மூன்று நிமிடம் பேசவில்லை. அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்; அவருக்குத் தெரிந்து அதுதான் அதிகபட்சம்.

ஆனால் சார் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, கல்யாணமான புதுசுல எனக்குக் கத்துக் கொடுத்தியே. பத்தடிக்கு ஒரு தடவை வண்டி தானா நின்னு நின்னு போச்சே. எனக்கு இந்த ஜென்மத்துல ஓட்ட வராதுன்னு பதினோராவது நாள் விட்டுட்டேனே. அதெல்லாம்?"

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "மத்தவங்களுக்குத் தேவைப்பட்டாத்தான் அழுத்துவேன். நீங்க ஓட்டினா உங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு எனக்கு உசுரே போயிரும். வண்டி நகர்ந்தாலே அழுத்திருவேன்."

"பதினேழு வருஷமா வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், டீச்சர்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அண்ணி குனிந்து பழைய பேட்டரியை வெளியே இழுத்தார். பின் சுவரில் இருந்த சிவப்பு அணைந்தது. டீச்சர் புகாரைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி பக்கங்களைப் புரட்டினார். "நாலு பக்கமா? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல, நாலு பக்கம் எழுதியிருக்கியேக்கா."

"வாயை மூடு. காலையில ஆறு மணிக்கு உன் வயரை எடுத்துக்கிட்டு வா. தெருமுனையில நிக்காதே, உள்ளே வா."

வயருக்கு வேலை வரவில்லை. காலை ஆறு மணிக்கு, நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, சார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. கொசு கை தட்டினான். தம்பி மாமாவின் முதுகில் ஓங்கி அறைந்தார். டீச்சர் மூன்று தடவை நிறுத்தி மூன்று தடவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மூன்று தடவையும் வண்டி சொன்னபடி கேட்டது.

"சரி, இறங்கறேன்," என்றார் சார்.

"இறங்க வேண்டாம். கேட் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க."

"நானா? நீ?"

டீச்சர் தன் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காரின் பின் சீட்டில் ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை மட்டும் முன் சீட்டைப் பிடித்திருந்தது.

கார் நகர்ந்தது. முதலில் ஒரு குலுக்கல், பிறகு நிதானம். கொட்டகையைத் தாண்டி, டயர் வரிசையைத் தாண்டி, முற்றத்தின் முழு நீளத்தையும் அது ஒரு தடவைகூட நிற்காமல் கடந்தது. கேட்டை நெருங்க நெருங்க கொசு தன் வலது காலைத் தரையில் அழுத்தினான். அண்ணியும் அழுத்துவதைக் கண்டான். பின்னால் சிவப்பு விளக்கு மூன்றும் எரிந்தன. கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

சார் ஸ்டீயரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"நான்தான் நிறுத்தினேன்," என்றார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "ஆமாங்க," என்றார். "நீங்கதான்."

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி? கேட்டைத் திறக்கச் சொல்லுங்க, டெஸ்டுக்கு நேரமாகுது," என்று அதட்டினார்.